இரண்டாவது நாற்காலி

கூடலூர்
7 அக்டோபர் 2024

அன்பு மச்சானுக்கு முனவ்வரா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி மொய்னுதீன் வீட்டில் சௌகரியமாக இருக்கிறேன். நீங்களும் ஃபிசாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கண்டக்டர் சுரேஷிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய நம் கடை வர்க்கி பிஸ்கட் பொட்டலம் வந்து சேர்ந்தது. பாதி வழியிலேயே தூளாகிவிட்டது, மீதியைத் தம்பி பிள்ளைகள் தூளாக்கினார்கள். போன் மணி கேட்டாலே உங்களுக்கு நெஞ்சு தூக்கிவாரிப் போடுகிறதே என்றுதான் கடிதம். இல்லாவிட்டால் இவ்வளவு எழுத எனக்கு ஏது பொறுமை?

நேற்று முதல் வகுப்பு. குன்னூர் ஆஸ்பத்திரியின் மனநிலை, பதற்ற நோய்க் கல்வி மையத்துக்குக் கூடலூரில் ஒரு கிளை, அதற்கு என் வீட்டுக்காரி பொறுப்பு என்று மார்க்கெட் முழுக்கத் தம்பட்டம் அடித்தீர்களே, கூத்தைக் கேளுங்கள். "நெஞ்சு படபடப்பா? மூச்சு முட்டுகிறதா? கை நடுங்குகிறதா? ஞாயிறு காலை வாருங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். மனசு என்று போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று மையத் தலைவர் டாக்டர் யூனிஸும் நானும் கூடிப் பேசித்தான் அந்தச் சொல்லை விட்டோம். ஹாலே நிரம்பிவிட்டது. மிளகு வியாபாரிகள், ஜீப் டிரைவர்கள், எல்லோர் கையிலும் இ.சி.ஜி. தாள். "ஹார்ட்டு டாக்டர் எப்ப வரும் சேச்சி?" என்றார் ஒருவர். இது இருதய முகாம் இல்லை, மனசுக்கான வகுப்பு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள். பெண்கள் மட்டும் கொஞ்சம் பேர் இருந்தார்கள்.

மையத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முன்னால் எப்போதும் இரண்டு நாற்காலி. ஒன்றில் என்னைப் போல ஒரு நர்ஸ். மற்றதில் அந்த நோயோடு வாழ்கிறவர். அவர் தன் பெயரையும் ஊரையும் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். குன்னூரில் எஸ்டேட் தனபாக்கியம் அக்கா உட்கார்ந்து, "எம்பேரு தனபாக்கியமுங்க, ஊரு குன்னூருங்க. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறனுங்க. நேத்து முப்பது கிலோ கொழுந்து எடுத்தனுங்க" என்று ஆரம்பித்தால் கூட்டம் அசையாது. நான் மணிக்கணக்கில் பேசினாலும் அந்த மூன்று வரிக்கு ஈடாகாது. இங்கே அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது. துஆ செய்யுங்கள்.

உங்கள்
முனவ்வரா


குன்னூர்
10 அக்டோபர் 2024

அன்புள்ள முனவ்வராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஃபிசா நேரத்துக்குக் காலேஜ் போகிறாள், என்னையும் நேரத்துக்கு மாத்திரை போட வைக்கிறாள். உன் மகள் இல்லையா, அதட்டல் அப்படியே இருக்கிறது. வர்க்கி தூளானதற்கு என்னைக் குறை சொல்லாதே. மொறுமொறுப்பாக இருந்தால் தூளாகத்தான் செய்யும்.

நோட்டீஸ் கதையைப் படித்து அடுப்படியில் நின்று சிரித்தேன். அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது. இ.சி.ஜி. தாளோடு வந்தவர்களில் நானும் ஒருவன்தானே. மொய்னுதீன் கல்யாணத்துக்கு வரும்போது நடுவட்டம் வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரம் உட்கார்ந்து, சாகப்போகிறேன் என்று கலிமா சொன்னேனே, மறந்திருக்க மாட்டாய். மாரடைப்பு என்றே நினைத்தேன். இருதயம் நன்றாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சொன்னார்கள். சரி, வாயுதான் என்று சோடாவும் ஓமத் தண்ணீருமாகக் குடித்துத் தீர்த்தேன். அதன்பிறகு நீ அந்த மையத்தில் சேர்ந்து படித்துவிட்டு வந்து ஒருநாள் என் எதிரே உட்கார்ந்து, "மச்சான், இது சாவு இல்ல. இதுக்குப் பேரு பதற்ற நோய். மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு" என்றாய். அன்றைக்குத்தான் எனக்கு உயிர் வந்தது.

உன்னைப் பற்றி மார்க்கெட்டில் பேசாத நாளில்லை. ஆனால் யாருக்காக நீ இதைப் படித்தாய் என்பதை மட்டும் சொல்வதில்லை. வர்க்கிக் கடை பஷீருக்கு வாயு என்றே ஊர் நினைக்கிறது. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

உன்
பஷீர்


கூடலூர்
21 அக்டோபர் 2024

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தடவை வர்க்கி முழுசாக வந்தது. சுரேஷ் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம்.

இப்போது நோட்டீஸில் மனசு என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். பெண்கள் வருகிறார்கள். ஆண்களும் வருகிறார்கள், ஆனால் உள்ளே வருவதில்லை. வாசலில் ஜீப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒய்ஃபைக் கொண்டுவிட வந்தேன்" என்கிறார்கள். ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்று கேட்கிறார்கள். நான் திரும்பினால் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறார்கள்.

டாக்டர் யூனிஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது நாற்காலியில் ஆள் இல்லாமல் வகுப்பு நடத்துவது மையத்தின் வழக்கம் இல்லை, நவம்பரிலும் இப்படியே இருந்தால் வகுப்பைக் குன்னூருக்கே திருப்பிக்கொள்ளலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மச்சான், நேராகவே கேட்கிறேன். நவம்பர் பத்தாம் தேதி நீங்கள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்வீர்களா? வாயு, சோடா, இ.சி.ஜி., எல்லாவற்றையும் சொல்ல உங்களைவிட்டால் எனக்கு ஆள் இல்லை. ஊட்டிக்கு மேல் நீங்கள் பஸ் ஏறி வருஷங்களாகிவிட்டன என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உங்கள்
முனவ்வரா


குன்னூர்
29 அக்டோபர் 2024

அன்புள்ள முனவ்வராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. அப்புறம் ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

உங்கள் பயிற்சியில் சொல்வது போலவே படிப்படியாகச் செய்தேன். ஒருநாள் நிற்கிற கூடலூர் பஸ்ஸில் சும்மா ஏறி உட்கார்ந்து இறங்கினேன். "ஏனுங்க பாய், பஸ்ஸ வாங்கப் போறீங்களா?" என்றார் சுரேஷ். மறுநாள் தலைகுந்தா வரை. இறங்கி டீ குடித்தேன், கை ஆடியது, டீ சிந்தியது, ஆனால் நான் சாகவில்லை. அதற்கடுத்து பைக்காரா. அங்கே நெஞ்சு குதிக்க ஆரம்பித்தது. அலை மாதிரி ஏறும், இறங்கும், உட்கார்ந்தே இரு என்று நீ சொன்னது நினைவிருந்தது. கால் கேட்டால்தானே. இறங்கிவிட்டேன். வர்க்கிப் பொட்டலம் மட்டும் உன்னிடம் வந்து சேர்ந்ததல்லவா? அது என்னைவிடத் தைரியசாலி.

எதிர்ப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வெட்கமாக இருந்தது முனவ்வரா. ஒரு மலையையே சமாளிக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு புருஷனா என்று தோன்றியது.

பஷீர்


கூடலூர்
4 நவம்பர் 2024

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தலைகுந்தாவில் டீ சிந்திய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தம்பி பெண்டாட்டி, "என்ன மதினி, லவ் லெட்டரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீங்கள் பத்தாம் தேதி வரவேண்டாம். உங்களைப் படுத்தியது போதும். தனபாக்கியம் அக்கா எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆண்கள் அவருக்காக உள்ளே வருவார்களா என்று தெரியவில்லை. வராவிட்டால் வகுப்பு போகட்டும். நீங்கள் வீட்டில் நிம்மதியாக இருங்கள். வர்க்கி மட்டும் அனுப்புங்கள்.

உங்கள்
முனவ்வரா


குன்னூர்
6 நவம்பர் 2024

முனவ்வராவுக்கு,

ஸலாம். நீ எனக்கு லீவு கொடுக்கிறாயா?

பாவம் பார்த்து நோயாளியின் வேலையை வீட்டார் தாங்களே செய்தால் அந்த வீட்டில் நோய்க்குத்தான் சோறு விழும். இது யார் பேச்சு? போன வருஷம் வகுப்பில் நீ சொன்னது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். ஊருக்குத்தான் உபதேசமா?

இன்று கடையில் ஒரு காரியம் செய்தேன். உருளைக்கிழங்கு மண்டி ராமகிருஷ்ணன் அண்ணன் வழக்கம் போல, "என்ன பாய், வாயு எப்படி இருக்குது?" என்று கேட்டார். "வாயு இல்லீங்கண்ணா, பதற்ற நோய். என் வீட்டுக்காரிதான் கண்டுபுடிச்சா" என்றேன். மாஸ்டர் அடுப்பை விட்டுத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். அப்புறம் குனிந்து மெதுவாக, "அந்த வகுப்பு நம்மூருல எந்தக் கிழமைங்க?" என்று கேட்டார்.

வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் எனக்காக நீ வரவேண்டாம் என்று சொல்லாதே.

பஷீர்


ஊட்டி பஸ் ஸ்டாண்ட்
10 நவம்பர் 2024, ஞாயிறு

முனவ்வரா,

கையை எதிலாவது வைத்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். தபாலில் போடமாட்டேன். வர்க்கிப் பொட்டலத்தையும் இந்தத் தடவை சுரேஷ் கொடுக்கமாட்டார். அது என் மடியில் இருக்கிறது. கீழே என் இ.சி.ஜி. கட்டு.

பைக்காரா. எழுத்து கோணலாகப் போவதற்கு ரோடு பாதிக் காரணம். நெஞ்சு அடிக்கிறது. சுரேஷ், "எறங்கறீங்களா பாய்?" என்றார். "எறங்கச் சொல்லாதீங்க. எதாச்சும் பேசிட்டே வாங்க" என்றேன். மனிதர் தன் மாமியார் கதையை எடுத்துவிட்டார். அதைக் கேட்பதற்குப் படபடப்பே மேல்.

நடுவட்டம். அந்த வளைவு வருகிறது. வியர்வை. மூச்சு மேலே நிற்கிறது. ஏறட்டும், இறங்கும் என்று உன் குரலில் சொல்லிக்கொள்கிறேன். நான் உட்கார்ந்த கல் அப்படியே இருக்கிறது. பஸ் நிற்கவில்லை. நானும் நிற்கச் சொல்லவில்லை.

அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார்.

கூடலூர். இப்போது உன் ஹால் வாசலில் ஜீப் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். ஜன்னல் வழியாக உன்னைப் பார்க்கிறேன். தனபாக்கியம் அக்கா பேசுகிறார், நீ தலையாட்டுகிறாய். அந்த இடத்தில் உன்னைப் பார்க்க எத்தனை பெருமையாக இருக்கிறது தெரியுமா? இங்கே நிற்கிற மிளகு வியாபாரி ஒருவர், "ஒய்ஃபைக் கொண்டுவிட வந்ததா?" என்று கேட்டார். "இல்லீங்க. என் வீட்டுக்காரிதான் உள்ள டீச்சர். நான் எனக்காக வந்தேன்" என்றேன். என் இ.சி.ஜி. கட்டைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினார். என்னுடையதைப் போலவே இருக்கிறது. "நீங்க போனா நானும் வராம்" என்று பாதி மலையாளத்தில் கூட வருவதாகச் சொல்கிறார்.

இந்தத் தாளை ஜன்னல் வழியாக நீட்டுகிறேன்; அக்காவை நாற்காலியிலிருந்து எழுப்பாதே. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல். உள்ளே வந்து நான் சொல்லப்போவதைக் இதிலேயே எழுதிவிடுகிறேன், குரல் அடைத்துக்கொண்டால் நீ படித்துவிடு.

எம்பேரு பஷீருங்க. ஊரு குன்னூருங்க. பதற்ற நோய்க்கு மாத்திரை சாப்பிடறனுங்க. இன்னிக்கு நடுவட்டத்தைத் தாண்டி வந்தனுங்க.