நான் வெளியே அனுப்பிய பெண்

கால்ஃபீல்ட், மெல்பர்ன்

அன்புள்ள தாலியாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம்தான், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. லண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? பஸ்கா நேற்று முடிந்தது. பண்டிகையன்று பேனா தொடக்கூடாதே என்று இன்றுவரை பொறுத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வேறு யாராவது உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை நம் யூத ஜெப ஆலயத்தில், இறந்தவர்களை நினைக்கும் ஜெபத்துக்கு முன், தாயும் தகப்பனும் உயிரோடு இருப்பவர்கள் வழக்கம்போல எழுந்து வெளியே போனார்கள். நம் தெருவுக்குப் புதிதாக வந்த கார்மெல் என்ற பெண், இருபது வயதிருக்கும், புத்தகத்தை விரித்தபடி அங்கேயே நின்றாள். அவள் மம்மி என்று கூப்பிடும் லோர்னாவோ வாசலை நெருங்கிவிட்டாள். முறை தவறினால், யூதப் பெண்ணானாலும் கான்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த என் வாய் சும்மா இருக்குமா? "பெத்தவ கண்ணெதிர்ல இருக்கா, நீ இங்க நின்னா அவளுக்கு ஆகுமா? போம்மா வெளிய" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். லோர்னா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் நிம்மதியாக உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

ஜெபம் முடிந்ததும் என் சிநேகிதி ஹெட்டி என்னிடம் வந்து, "ஏன்டி ஃப்ரீடா, வாசல் காவலுக்கு உனக்குச் சம்பளம் தர்றாங்களா? அவளப் பெத்தவ செத்து எத்தனையோ வருஷமாச்சு. லோர்னா வளத்தவடி" என்றாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் இவள் என் அம்மா இல்லை என்றல்லவா சொல்லவேண்டியிருந்திருக்கும்? அதற்குப் பதில் வெளியே போனாள்.

மத்தியானம் அவர்கள் வீட்டுக்கு நடந்தே போனேன். லோர்னா கதவைப் பாதிதான் திறந்தாள். "வருஷத்துல நாலு தடவதான் அவ அம்மாவுக்குன்னு நிக்கிறா. அதையும் புடுங்கிட்டீங்களே" என்றாள். அந்த ஜெபத்தை வீட்டிலும் சொல்லலாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அதற்குள் கார்மெல் வந்து, "வீட்லயே சொல்லிட்டேன், மிஸஸ் லூரி. மம்மியும் கூட நின்னாங்க" என்றாள். தன்னைப் பெற்றவர்கள் இருவரும் உயிரோடிருக்க லோர்னா நின்றிருக்கிறாள்! முறையில்லைதான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். "சரி" என்றாள் கார்மெல். உள்ளே வாருங்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

இந்த ஜெபம் அடுத்து வரும் வாரங்களின் பண்டிகைக்கு ஏழு வாரம்கூட இல்லை. அப்பாவுக்காக நீ உள்ளேயே நிற்கவேண்டும், மறந்துவிடாதே. அம்மா இருக்கும்போது நிற்கலாமா என்று என்னைப்போல ஒருத்தி கேட்டால், நகராதே. நீ நின்றால் எனக்கு ஆகாது என்ற பயமெல்லாம் எனக்கில்லை.

ஆண்டவர் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
ஃப்ரீடா லூரி