கல்லாவுக்கு மேலே இருந்த 3.9

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் வலது கையைத் தவிர. இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது, விரலில்தான், பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன். உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் அதைச் சொல், மிச்சத்தை அப்புறம் படி.

ஞாயிற்றுக்கிழமை போனில், "புள்ளியியலை இந்தத் தடவையும் விட்டுடப்போறேன்மா, இல்லன்னா சராசரி இறங்கிடும்" என்றாய். கடையில் கூட்டம், நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன். துணியை மடிக்கும்போதுதான் உறைத்தது, "இந்தத் தடவையும்" என்றால் என்ன அர்த்தம்? தங்கையிடம் கேட்டேன். அவள் உன் பல்கலைக்கழக விதிகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், எதையும் கடைசி வரி வரை படிக்காவிட்டால் அவளுக்குத்தான் சோறு இறங்காதே. ஒவ்வொரு பாடத்துக்கும் வாங்கிய புள்ளியை அதன் கிரெடிட்டால், அதாவது அந்தப் பாடத்துக்கு உள்ள எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பார்களாம், அதுதான் உன் சராசரியாம். பாதியில் விலகிய பாடம் அந்தக் கணக்குக்குள் வரவே வராதாம். உன் மதிப்பெண் பட்டியலையும் பார்த்தாள், ஏற்கெனவே இரண்டு முறை விலகியிருக்கிறாய். எங்களிடம் மூச்சுவிடவில்லை. நம் சலவைக் கடையில் எண்ணெய்க் கறைச் சட்டையை மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெளுத்ததெல்லாம் பளிச்சென்று இருக்கிறது பாருங்கள் என்று அப்பா சொன்னால் சட்டைக்குச் சொந்தக்காரர் சும்மா விடுவாரா?

அப்பாவைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். 3.9 என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி, துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "நாலுக்கு மூணு புள்ளி ஒன்பதுங்க" என்று ஓதுகிறார். போன வாரம் மருந்துக்கடைக்காரர், "சந்தோஷம், படிப்பு எப்ப முடியுது?" என்று கேட்டார். உன் அப்பா முழித்துவிட்டு, "அதெல்லாம் அவங்க அம்மாவுக்குத்தான் தெரியும்" என்று என் தலையில் கட்டினார். எனக்கு என்ன தெரியும், நீ சொன்னால்தானே?

இதைக் கவனமாகப் படி. மூன்றாம் முறையும் விலகினால் அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க விடமாட்டார்களாம். அது இல்லாமல் உன் துறையில் பட்டமும் கிடையாதாம். எழுதித் தோற்றால்கூட இன்னொரு வாய்ப்பு உண்டாம். இதுவரை நீ முடித்தது முப்பத்தாறு கிரெடிட், இந்தப் பாடம் நாலு. சுமாராக எழுதி ஒரு சி கிரேடு, அதாவது இரண்டு புள்ளி வாங்கினாலும் சராசரி 3.7தான் ஆகும், தோற்றே போனாலும் 3.5 என்று தங்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்துச் சொல்கிறாள். இந்தப் பத்தில் இரண்டு பாகத்துக்காகவா முழுப் படிப்பையும் தண்ணீரில் விடப்போகிறாய்? எண்ணைப் பார்த்துக் கொஞ்ச உன்னை அவ்வளவு தூரம் அனுப்பவில்லை. தங்கை எழுதுவதை நிறுத்திவிட்டு, "அண்ணன் பாவம்மா, பயமா இருந்திருக்கும்" என்கிறாள். அதையும் எழுது என்றேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல், சராசரி சராசரி என்று என்னைச் சுற்றவிடாதே. அந்த ஆசிரியரின் அறைக்குப் போய்ப் புரியவில்லை என்று சொல். கடிக்கமாட்டார்.

விலகக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. தபால் வருவதற்குள் அது போய்விடும் என்பதால் தங்கை இதைப் படம் பிடித்து இப்போதே அனுப்புகிறாள். வெள்ளிக்கிழமை கணினியில் விலகுவதற்கென்று இருக்கும் அந்தப் பொத்தான் பக்கம் உன் விரல் போகக் கூடாது.

கல்லாவுக்கு மேலே இருந்த தாளை இன்று காலை நான் உரித்துவிட்டேன். அப்பா சுவரில் நின்ற பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "3.7ன்னு வந்தாலும் ஒட்டலாம்ல?" என்று கேட்டார். ஒட்டலாம். 3.5 என்றாலும் நானே ஒட்டுகிறேன். நீ தேர்வு எழுதினாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

நோய் நொடி இல்லாமல், தைரியத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. வெள்ளிக்கிழமை.

இப்படிக்கு,
உன் அம்மா
(கையெழுத்து மட்டும் நான் போட்டது, இடது கையால்)