சாய்வுக் குச்சி

பாடாங் மேஹா,
4 ஆகஸ்ட் 2025

அன்பு அண்ணனுக்கு,

உன் தங்கை நலமாகத்தான் இருக்கிறேன். நீ கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். போனில் கூப்பிட்டால், "மீட்டிங்லா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் ஒரு மாதமாக வரவில்லை. வாட்சப்பில் நீல டிக்கோடு சரி. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இது ஆறாவது மாதம்தானே? காலை நீட்டி உட்காரச் சொல்.

பள்ளியில் என் மூன்றாம் ஆண்டு வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். கட்டடப் பொறியாளரான உனக்குப் பிடிக்கும். பத்தொன்பது பேர். பாதிப் பேரின் அப்பாக்கள் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள். பாடநூல் முக்கோணத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறது. தீட்டி என்ன செய்வது? சாத்தே இறைச்சி குத்தும் மூங்கில் குச்சியும் களிமண்ணும் கொடுத்து, "வீடு கட்டுங்க, ஃபேன் காத்துல விழக்கூடாது" என்றேன். எல்லாரும் சதுரம் சதுரமாகக் கட்டினார்கள். விசிறியைத் திருப்பினேன். அத்தனை வீடும் ஒரே பக்கம் சாய்ந்தன. ஒரு குச்சிகூட முறியவில்லை, மூலைகள்தான் மடங்கின.

லோஷினி என்று ஒருத்தி. வாரத்தில் மூன்று நாள்தான் வருவாள், மற்ற நாள் வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க வேண்டும். அவள் சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு குச்சியைச் சாய்த்துக் குத்தினாள். விசிறியை மூன்றில் வைத்தும் அவள் வீடு நின்றது. ஏன் என்று கேட்டேன். "சதுரம் மடங்கும் டீச்சர். மூணு குச்சி சேந்தா மடங்காது. வேணும்னா மடக்கிப் பாருங்க" என்றாள். மடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

மறுநாள் முழுக்கச் சாய்வுக் குச்சியைத் தேடி அலைந்தார்கள். சைக்கிளில், கேட்டில், மேசைக்காலில். கடைசியில், பிள்ளைகள் காலையில் வரிசையாக நிற்க உன் கம்பெனி மார்ச்சில் கட்டிக் கொடுத்த சபைகூடல் கூரைக்கு வந்தார்கள். திடல் பக்கம் தூண்களுக்கு நடுவே பெருக்கல் குறிபோல் இரும்பு இருக்கிறது. சாலைப் பக்கம் இல்லை. லோஷினி தூணின் அடியைக் காட்டினாள். வெட்டிய இரும்பு, விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. "யாரோ எடுத்துட்டாங்க டீச்சர்."

யார் எடுத்தது? எடுக்கலாமா? அந்த வேலையைப் பார்த்தவன் நீதானே. பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

உன் தங்கை
சாந்தினி


சுங்கை பட்டாணி,
12 ஆகஸ்ட் 2025

என் அருமை டீச்சரம்மாவுக்கு,

பத்தொன்பது இன்ஸ்பெக்டர்களை வளர்க்கிறாய் போலிருக்கிறது. உன் கடிதத்தை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரும்பு விஷயத்தை மட்டும் நான் வாசிக்கவில்லை.

நடந்தது இதுதான். திறப்பு விழா அன்று காலையிலிருந்து மழை. உங்கள் தொகுதி ஒய்.பி.யின் ஆள் வந்து, கார் மேடை வரைக்கும் வர வேண்டும், ஒய்.பி. நனையக் கூடாது என்றான். சாலைப் பக்கம் அந்தப் பெருக்கல் குறி குறுக்கே நின்றது. உங்கள் தலைமையாசிரியரும் தலையாட்டினார். என் முதலாளி ஜெயகுமார், "வெட்டுங்கடா, நாளைக்கு ஒட்டிக்கலாம்" என்றார். வெட்டினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கார் உள்ளே வந்தது, மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். மறுநாள் எங்கள் ஆட்களைக் கூலிம் டவுனில் வேறு வேலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஒன்றும் ஆகாது. தூண் கனமானது. மறுபக்கம் இருக்கிறதே. நேரம் கிடைக்கும்போது ஒட்டிவிடுவோம்.

ஒன்று மட்டும் கேள். வாட்சப்பில் படம் கிடம் போடாதே. நாலு குரூப்புக்குப் போய்விடும். கேட்பதென்றால் இப்படிக் கடிதமாகவே எழுது, அதுதான் நமக்குள் இருக்கும்.

அண்ணன்
சுகுமாரன்


பாடாங் மேஹா,
21 ஆகஸ்ட் 2025

அண்ணா,

நேற்று மத்தியானம் புயல்காற்று. ஓய்வு நேரம் முடிந்து பிள்ளைகள் அப்போதுதான் வகுப்புக்குள் போயிருந்தார்கள். நான் நடைபாதையில் நின்று பார்த்தேன். கூரை விழவில்லை, நகர்ந்தது. சாலைப் பக்கத் தூண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வந்தன. தகரம் கத்திய கத்தலில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் அழுதார்கள். காற்று நின்றதும் போய்ப் பார்த்தேன். இரண்டு தூணின் அடியில் சிமெண்டு வெடித்திருக்கிறது. ஒரு வெடிப்பில் என் சுண்டுவிரல் நகம் போகிறது.

தலைமையாசிரியரிடம் ஓடினேன். "என்ஜினியர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. நீங்க குச்சி வச்சு வெளையாடிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா?" என்றார். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ பக்கத்தில் நின்றேன் என்றுதான் எழுதினாய். திட்டத்தின்படி எல்லாம் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டதை எழுதவில்லை.

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிறுதோறும் சபைகூடலுக்கு அதன் அடியில் நூற்று இருபது பிள்ளைகள் நிற்கிறார்கள். இது பட்டணத்துப் பள்ளியாக இருந்தால் மறுநாளே ஒரு தகப்பன் வக்கீலோடு வந்திருப்பான். இங்கே வருகிற தகப்பன் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். அது தெரிந்துதானே அத்தனை பேரும் தைரியமாக வெட்டினீர்கள்?

ஒரே ஒரு வரி எழுதிக் கொடு அண்ணா. இரும்பை மறுபடி ஒட்டும்வரை கூரைக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது என்று உன் கையெழுத்தோடு ஒரு வரி. நீ சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

சாந்தினி


சுங்கை பட்டாணி,
29 ஆகஸ்ட் 2025

சாந்தினி,

முடியாது.

கோபப்படாமல் படி. இன்றைக்கு அந்த வரியை எழுதினால், மார்ச்சில் போட்ட கையெழுத்து பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். என் லைசன்ஸ் போகும். ஜெயகுமார் முதல் ஆளாக என்னைக் கைகாட்டுவார். ஒய்.பி.யின் ஆளுக்கும் உன் தலைமையாசிரியருக்கும் ஒன்றும் ஆகாது, அவர்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. உன் அண்ணிக்கு நவம்பரில் பிரசவம். அம்மாவை யார் பார்ப்பது?

நான் தூங்கி எத்தனை நாளாகிறது தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய காற்றுக்கு அது தாங்காது. எனக்கும் தெரியும். டிசம்பர் லீவில், பள்ளியில் யாரும் இல்லாதபோது, ஒரு வெல்டரைக் கூட்டி வந்து நானே ஒட்டிவிடுகிறேன். தாள் இல்லை, பேச்சு இல்லை. மூன்று மாதம். அதுவரை காற்று வந்தால் பிள்ளைகளை நீ உள்ளே கூட்டிக்கொள்.

நீ என் தங்கச்சியா, என்னைப் பிடிக்க வந்த ஆளா? யோசித்துச் சொல்.

சுகுமாரன்


பாடாங் மேஹா,
8 செப்டம்பர் 2025

அண்ணா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வானம் கறுத்துக் கிடந்தது. என் பத்தொன்பது பேரையும் சபைகூடலுக்குக் கூரையின் கீழ் அனுப்பாமல் திடலில் நிற்கவைத்தேன். மற்ற நூறு பேரும் உள்ளே நின்றார்கள். தலைமையாசிரியர் மைக்கிலேயே என் பெயரைச் சொல்லி உள்ளே வரச் சொன்னார். நான் நகரவில்லை. பத்து மணிக்குக் காரணம் கேட்கும் கடிதம் என் மேசைக்கு வந்துவிட்டது.

அது வலிக்கவில்லை. லோஷினியின் அம்மா அழகம்மா வந்தாளே, அதுதான் வலித்தது. கெத்தா வெட்டிவிட்டு நேராக வந்திருக்கிறாள், சட்டையெல்லாம் ரப்பர் பால். "எல்லார் புள்ளையும் நெழல்ல நிக்குது, எம்புள்ள மட்டும் வெளிய நிக்கணுமா டீச்சர்? நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று கேட்டாள். நான் சொல்வதற்கு முன்னால் லோஷினியே சொன்னாள். "ம்மா, அந்தக் கூரை மடங்கும்மா. அதுல குச்சி இல்ல." அழகம்மா மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "படிச்சவங்க கட்டுனதுலா அது" என்றாள்.

மத்தியானம் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். வெடிப்பின் படங்களைக் காட்டினேன். பிள்ளைகள் கட்டிய குச்சி வீடுகளில் சாய்வுக் குச்சி உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, இரண்டையும் மேசையில் வைத்துத் தள்ளிக் காட்டினேன். அதிகாரி நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "புக்தி அடா, சிகு?" ஆதாரம் இருக்கிறதா டீச்சர் என்று கேட்டார். கட்டும்போதே இல்லையா, பிறகு வெட்டினார்களா, யார் சொல்லி வெட்டினார்கள் என்பதற்கெல்லாம் ஆதாரம் வேண்டுமாம்.

என்னிடம் இருந்த ஆதாரம் உன் இரண்டு கடிதங்கள்தான்.

வரிக்கு வரி மலாயில் சொன்னேன். பெரிய காற்றுக்குத் தாங்காது என்று நீ எழுதிய இடத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். இந்த சுகுமாரன் யார் என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, நகல் போதுமா, அசலையே கொடுக்கிறீர்களா, வெளியே போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணியின் முகம்தான் வந்தது. நகல் கொடுத்தால் நீ எழுதவே இல்லை என்று ஜெயகுமார் உன்னைச் சொல்லவைப்பார். நீயும் சொல்வாய். அசலைக் கொடுத்தேன்.

இன்று காலை இரண்டு பேர் வந்து கூரையைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். பிள்ளைகள் நடைபாதையில் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். தலைமையாசிரியர் என்னோடு பேசுவதில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. என் பக்கத்தை எடுத்துச் சொல்ல வேண்டாம்.

தங்கச்சியா என்று கேட்டாய். மூன்று மாதம் பிள்ளைகளைக் காற்றிடம் அடகு வைக்கச் சொன்னபோது நீ அண்ணனாகத்தான் கேட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு எழுதாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் இனி நீ எழுதுவது எதுவானாலும், கேட்டால் அதையும் கொடுப்பேன். தெரிந்துகொண்டு எழுது.

சாந்தினி