எஞ்சினின் நெற்றியில் இருந்த பெயர்

என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறாள். சர்க்கரை ஏறி இறங்குகிறது, கோபம் மட்டும் இறங்குவதே இல்லை. காக்ஸ் டவுன் மார்க்கெட் ரோட்டை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் இருந்தால் தினமும் ஒருமுறை போய் நின்று பார்த்து, திட்டிவிட்டு வருவீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ரயிலைச் செய்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஏன் சந்தேகம் என்பதையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் பூங்காவில் சிறுவர் ரயில் ஓட்டினீர்கள். முகப்பில் புகைபோக்கி, உள்ளே டீசல் மோட்டார், பின்னால் குட்டிக் குட்டிப் பெட்டிகள். போன வருட ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மழை பெய்ததால், வழக்கம்போல் அன்றே கழுவ முடியாமல், பூஜையன்று காலையில்தான் வண்டியைத் தேய்த்துக் கழுவினீர்கள். வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, எஞ்சின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்ததும் நீங்கள்தான். "நம்ம ஜெபமாலை நம்ம பாக்கெட்ல இருக்கட்டும், அதுக்குண்டான மரியாதைய அதுக்குக் குடுத்துருவோம்" என்று வருடா வருடம் சொல்வீர்கள்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மோட்டார் ஓடவில்லை. எல்லோரும் கைகூப்பி நின்றிருந்தார்கள், நீங்களும் கீழே இறங்கி அவர்களோடு நின்றிருந்தீர்கள். அப்போது வண்டி தானாக நகர்ந்தது. ஓட்ட ஆளில்லாமல், சத்தமே இல்லாமல், பழங்களை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டு சரிவில் போய், வளைவில் இருந்த கேட்டை உடைத்துக்கொண்டு நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. பூஜை முடிந்த பிறகு நடந்திருந்தால் பெட்டி நிறையக் குழந்தைகள் இருந்திருப்பார்கள்.

ஓட்டுநர் பிரேக் போடவில்லை என்று ஆபீஸில் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள். கூட வேலை செய்தவர்களோ வண்டியில் ஏதோ ஏறியிருக்கிறது என்றார்கள். ஒரு பக்கம் உங்கள் அஜாக்கிரதை, இன்னொரு பக்கம் பேய். 'நான் பிரேக் போட்டேன்' என்ற உங்கள் வார்த்தைக்கு நடுவில் இடமே இல்லாமல் போனது. உங்களைக் கேட்டில் டிக்கெட் கிழிக்க நிறுத்தினார்கள். கிறிஸ்மஸுக்குள் மாரடைப்பு வந்து போய்விட்டீர்கள்.

போன மாதம் சலீம் பாய் போன் செய்தார். அந்த வண்டியின் மெக்கானிக், உங்கள் டீ கூட்டாளி, இன்னும் அதே இருமல்.

"ரெஜினாம்மா, வண்டிய ஸ்கிராப்புக்குப் போடப் போறாங்க. வெட்டிட்டா அப்பறம் அத ஒண்ணும் கேக்க முடியாது, பாத்துக்க."

வெட்டினால் பிரேக்கும் போய்விடும். உங்களைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரி மட்டும் மிச்சமிருக்கும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிரேக் போட்டிருந்தும் அந்த வண்டி நகருமா? அதைச் சொல்லக்கூடியவர் அதைச் செய்தவர் ஒருவர்தான். நான் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்ப்பவள். எங்களிடம் ஒரு திருகு முறிந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி 'யார் செய்தது' என்பதுதான்.

பூங்கா சூப்பர்வைசர் நாகராஜைப் போய்ப் பார்த்தேன். "யாரு பண்ணாங்கன்னு யாருக்கு மேடம் தெரியும்? நம்ம சர்வீஸுக்கெல்லாம் முந்தினது. ஆகோதெல்லா ஆயித்து, விடுங்க" என்றார். கன்னடத்தில், நடந்தது நடந்துவிட்டதாம். அவருக்கென்ன, சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். வாட்ச்மேன் அது கப்பலில் வந்தது என்றார். தோட்டக்காரர் ஏதோ ஒரு ராஜா வீட்டுக் குழந்தைகள் விளையாடியது என்றார். ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்களே தவிர, ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை.

சலீம் பாய் ஷெட்டைத் திறந்துவிட்டார். நல்ல வெயில் நேரம்தான். ஆனால் கதவு திறந்ததும் முகத்தில் அடித்தது எலுமிச்சம்பழ வாசனை. இப்போதுதான் யாரோ நசுக்கியது போல. அவ்வளவு மாதம் பூட்டிக் கிடந்த ஷெட்டில் ஏது பழம்? நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினேன். மோட்டாரில் பெயர் இருந்தது, ஆனால் மோட்டாரைப் பலமுறை மாற்றியிருக்கிறார்களாம். பெட்டிகளில் ஒன்றும் இல்லை. கடைசியில் முகப்பில் வட்டமாகப் புடைத்திருந்த அந்த இடத்தைப் பார்த்தேன். நீங்கள் குங்குமம் வைக்கிற இடம். வருடா வருடம் பூஜைக்குப் புதுப் பெயின்ட், அதன் மேல் சந்தனம், அடுத்த வருடம் அதற்கும் மேல் பெயின்ட். விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. பெயின்ட்டைக் கரைக்க நான் தின்னர் பாட்டிலைத் திறந்ததும் சலீம் பாய் கையைப் பிடித்துவிட்டார்.

"அது நெத்திம்மா. நெத்தியப் போயி சொரண்டுவாங்களா?"

"பாய், நெத்தியில யாராவது நாலு திருகு போடுவாங்களா? இது பேர்த் தகடு."

கிட்டே போய்ப் பார்த்தபோது என் கைதான் நின்றது. தகட்டின் கீழ் ஓரத்தில் ஏற்கெனவே யாரோ சுரண்டியிருந்தார்கள். நகத்தால் சுரண்டியது போலச் சின்னச் சின்னக் கீறல்கள். உதிர்ந்த பெயின்ட் தூள் இன்னும் கீழே கிடந்தது.

"சாவி என் இடுப்புலதாம்மா இருக்கு. நானே இந்தப் பக்கம் வர்றதில்ல" என்றார் சலீம் பாய். நான் எலியாக இருக்கும் என்றேன். எனக்கே அது பொய் என்று தெரியும்.

சுரண்டி முடித்ததும் பித்தளைத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. 'மானுவேல் அண்ட் டாட்டர், காக்ஸ் டவுன்.' அப்பா, அண்ட் சன்ஸ் இல்லை, அண்ட் டாட்டர்! அதுவும் நம்ம காக்ஸ் டவுன். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கீழே 'கழுவிய பிறகு' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் ஒரு வரி இருந்தது. மீதி எழுத்துகளைப் பச்சைக் களிம்பு தின்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் விசாரித்தேன். மானுவேல் எப்போதோ போய்விட்டார். பட்டறை இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட். மகள் கிரேஸ் மட்டும் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறார் என்றார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பார்த்துக்கொள்ள ஷோபா என்று ஒரு நர்ஸ். அன்று மதியமே போனேன். கிரேஸ் ஆன்ட்டி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் பெயரைச் சொல்ல வாய் திறக்கும் முன்பே அவர் பேசினார்.

"நீதான் பெரியவளா? உக்காரு. ரயில் விஷயமாத்தானே? உங்க டாடி போன வாரம் வந்து எல்லாம் கேட்டுட்டுப் போய்ட்டாரே."

எனக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "எங்க அப்பா இறந்துட்டார் ஆன்ட்டி. போன டிசம்பர்ல."

"அப்படியா? பாவம். நல்லாத்தான் பேசிட்டிருந்தார்."

சமையலறையிலிருந்து ஷோபா எட்டிப் பார்த்தாள். "யாருமே வரலக்கா. நான் எங்கயும் போகல. ஆன்ட்டிக்கு இப்பல்லாம் நாள் கொழம்பிடுது." ஆன்ட்டி அவளை ஒரு முறை முறைத்தார்.

"எனக்கு ஒண்ணும் கொழம்பல. பிரௌன் ஸ்வெட்டர் போட்டிருந்தார். புதுசு. இந்த வெயில்ல எதுக்கு ஸ்வெட்டர்னு நானே கேட்டேன். கைக்குள்ளேருந்து விலைச் சீட்டு வேற தொங்குது. பிச்சுப் போடுங்க மிஸ்டர்னு சொன்னேன், சிரிச்சார்."

அப்பா, அந்த ஸ்வெட்டரை நீங்கள் ஒரு நாள்கூட உயிரோடு போட்டதில்லை. கிறிஸ்மஸுக்கு என்று நான் வாங்கி வைத்திருந்தேன். மண்ணுக்குள் குளிரும் என்று அம்மா அழுததால் சவப்பெட்டியில் வைக்கும்போது உங்களுக்குப் போட்டோம். கையில் விலைச் சீட்டு தொங்கியது. அத்தனை பேர் நடுவில் கத்தரிக்கோல் கேட்கக் கூச்சமாக இருந்தது, யாருக்கும் தெரியாமல் விரலால் உள்ளே செருகிவிட்டேன். அது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

ஷோபா கொடுத்த தண்ணீரைக் குடித்தேனா என்று நினைவில்லை. ஆன்ட்டி பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அவருடைய அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத வராதாம், தகட்டு வாசகம் ஆன்ட்டி எழுதிக் கொடுத்ததாம். 'கழுவிய பிறகு பிரேக்கை நம்பாதே, சக்கரத்துக்குக் கட்டை வை.' பிரேக் இரும்பு இல்லை, சக்கரத்தை அழுத்துகிற மரம். அந்த மரம் தண்ணீரில் ஊறினால் வழுக்கும், காய்ந்த பிறகுதான் பிடிக்கும். டிரைவர் கண்ணில் படட்டும் என்றுதான் முகப்பில் அடித்தார்களாம்.

நாம் என்ன செய்தோம்? எச்சரிக்கையின் மேல் பெயின்ட் அடித்து, பொட்டு வைத்துக் கும்பிட்டோம்.

"இத எங்க அப்பாகிட்ட சொன்னீங்களா ஆன்ட்டி?"

"சொன்னேனே. கேட்டுட்டு எந்திரிச்சு, 'அந்த எடத்துக்கு வருசா வருசம் நான்தாம்மா பெயின்ட் அடிச்சேன்'னார். போய்ட்டார்."

மறுநாள் நாகராஜை விடாப்பிடியாக ஷெட்டுக்கு இழுத்து வந்தேன். அவரையே பிரேக்கை இறுக்கச் சொன்னேன். இறுக்கினார். மூவரும் சேர்ந்து தள்ளினோம், வண்டி அசையவில்லை. சலீம் பாய் பிரேக் மரங்களின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தீங்களா மேடம், சும்னே டைம் வேஸ்ட்" என்று நாகராஜ் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் வண்டி நகர்ந்தது.

சத்தமே இல்லை அப்பா. நீங்கள் சொன்னது போலவேதான். ஷெட் சரிவில் ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. சலீம் பாய் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், ஆனால் அவர் வைப்பதற்குள் அதுவே நின்றுவிட்டது. ஓட்டுநர் இருக்கையின் பழைய ஸ்பிரிங் 'கிறீச்' என்றது. உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தால் வருமே, அந்தச் சத்தம். நாங்கள் மூவரும் அதைக் கேட்டோம்.

நாகராஜுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. ஓடிப்போய் பிரேக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். "பிரேக் இருக்கு... பிரேக் இருக்கும்மா, இருந்தும் போகுது" என்று என்னிடமே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆபீஸில் உங்களைப் பற்றி எழுதியிருந்த அந்த ஒரு வரியை அடித்துத் திருத்தி எழுதியாயிற்று. ஓட்டுநர் பிரேக் போட்டிருந்தார் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். வண்டியை வெட்டுவதும் நின்றிருக்கிறது. பிரேக்கை மாற்றி ஓட்டலாமா என்று பார்க்கிறார்கள்.

அம்மாவிடம் பிரேக் கதையை மட்டும் சொன்னேன். "அவர் போட்டிருப்பார்னு எனக்குத் தெரியும். இதுக்குத்தான் இத்தன நாள் அலைஞ்சியா?" என்று கேட்டுவிட்டுச் சாம்பாரைக் கிண்டப் போனாள். அடுப்பைப் பார்த்தபடி ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சினாள். ஸ்வெட்டர் விஷயத்தை நான் சொல்லவில்லை.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். நகத்தால் சுரண்டினீர்கள், முன்பின் தெரியாத ஒரு வீட்டைத் தேடிப் போனீர்கள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து நம் வீடு எவ்வளவு தூரம்? ஏன் வரவில்லை? அந்த எச்சரிக்கையின் மேல் பெயின்ட் அடித்தது நான்தானே, இனி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று நினைத்துவிட்டீர்களா?

அப்படி நினைத்திருந்தால் இதைக் கேளுங்கள். கிரேஸ் ஆன்ட்டிக்கு இது தெரியாது, அதனால் உங்களுக்கும் தெரிந்திருக்காது. தகட்டைச் சுரண்டியபோது ஒவ்வொரு பூச்சாகப் பார்த்துக்கொண்டே வந்தேன், அது என் தொழில் புத்தி. மேலே இருந்த நீலமெல்லாம் நீங்கள் அடித்தது. அதற்கும் கீழே சிவப்பு. நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே வண்டி சிவப்பாகத்தான் இருந்தது என்று சலீம் பாய் சொன்னார். அந்தச் சிவப்புக்கும் அடியில், பித்தளையோடு ஒட்டி ஒரு பச்சைப் பெயின்ட். அந்த எழுத்துகளை முதலில் மூடிய கை உங்களுடையது இல்லை அப்பா. நீங்கள் பார்த்த நாளிலிருந்தே அது வெறும் நெற்றிதான். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தகட்டின் மேல் இனி யார் பெயின்ட் பிரஷ்ஷோடு வந்தாலும் நான் விடமாட்டேன், இது சத்தியம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்னும் ஏதாவது தெரிய வேண்டியிருந்தால் ஊரார் வீடுகளுக்குப் போகாதீர்கள், என்னிடம் வாருங்கள். நான் பயப்பட மாட்டேன். பயந்தாலும் கதவைச் சாத்த மாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
ரெஜினா