குழாய்க்கு வைத்த பொட்டு

அக்கா,

காலையில் பாத்திரம் விளக்கும்போது கிண்ணத்தில் சோப்பு நுரை பொங்கியது. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. நுரையைக் கண்டால் அவனியாபுரம் பட்டறையில் நாம் கும்பிட்ட அந்த ஆயுத பூசைதான் இன்னும் கண்ணுக்குள் வருகிறது.

அந்த வருஷம் நம்மிடம் சாமான் வாங்கும் கம்பெனி, கரண்டைக் குறைத்துக் காட்டாவிட்டால் ஆர்டர் இல்லை என்று எழுதிவிட்டது. கரண்டுக்காக எங்கோ நிலக்கரி எரிகிறதாம், அந்தப் புகையில் நம் பங்கும் உண்டாம்.

"இரும்பக் கடையுற எடத்துல ஏதுக்கா புகை?" என்று கேட்டேன்.

"நம்ம சுவிச்சப் போட்டாத்தானடி அங்கிட்டு எரியுது" என்றீர்கள்.

முதலாளி அண்ணன் வேறு வழி தெரியாமல், தீபாவளிக்குப் பிறகு பழைய டிரில்லிங் மிஷின் இரண்டையும் நிறுத்தப்போவதாகச் சொன்னார். அந்த இரண்டில்தான் நீங்களும் நானும் வேலை பார்த்தோம்.

ஆயுத பூசை வந்தது. மிஷினையெல்லாம் துடைத்துச் சந்தனம் பூசியாயிற்று. ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் சாமி முன்னால். தூசி ஊதுவதற்காகப் போட்ட, காற்றை அடைத்துத் தரும் கம்ப்ரசரை மட்டும் யாரும் அணைக்கவில்லை. நாம் பொரி தின்றுகொண்டிருக்கையில் அது தானாக ஓடி நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஓடியது.

"அண்ணே, யாருமே காத்து எடுக்கல. பெறகு அது யாருக்கு ஓடுது?" என்றீர்கள்.

"பூசை அன்னைக்குச் சாமானத் தொடக்கூடாது. பேசாமப் பொரியத் தின்னு" என்றார் அண்ணன்.

நீங்கள் சாமானைத் தொடவில்லை. வாளியில் சோப்பைக் கரைத்து, காற்றுக் குழாய் நெடுக ஒவ்வொரு இணைப்பிலும் துணியால் பூசினீர்கள். காற்று கசிந்து நுரை கொப்பளித்த இடத்தைத் துடைத்து, நாளைக்கு அடையாளம் தெரிய வேண்டுமென்று பூசைத் தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்துப் பொட்டு வைத்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஆறு வருஷம். எல்லோரும் பார்த்தார்கள். வாய்விட்டுக் கேட்டது நான்தான்.

"அக்கா, நீங்க குங்குமத்தத் தொடலாமா?"

"கொழாய்க்குத்தானடி வைக்கிறேன், எனக்கா வைக்கிறேன்?" சிரித்துக்கொண்டே அடுத்த இணைப்புக்குப் போனீர்கள்.

மறுநாள் அண்ணன் பொட்டு பொட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். "அம்புட்டுக் காத்தும் வீணாவா போச்சு?" என்று தலையில் கை வைத்தார். சிலதை இறுக்கினார்கள், சிலதை மாற்றினார்கள். அதன் பிறகு கம்ப்ரசர் பாதி நேரம் சும்மா கிடந்தது. கரண்டு குறைந்தது, ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. நம் மிஷின் இரண்டும் ஓடின.

இன்றும் அதே மிஷினில்தான் நிற்கிறேன். டீக்குப் போகும்போது காற்று வால்வை மூட என் கை தானாகப் போகிறது. அது நீங்கள் பழக்கியது. குங்குமத்தைத் தொடலாமா என்று நான் கேட்ட அந்தக் கேள்வியும் கூடவே வருகிறது, அதைத்தான் எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை. நீங்கள் கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருப்பேன், அக்கா. நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.