ஓரின் என்ற மாறுவேடம்

லாஸ் ஏஞ்சலிஸ்
மே 6, 1925

அன்புள்ள ஓரினுக்கு,

இங்கே நான் சுகம். நீ சுகமா என்று கேட்கத் தேவையில்லை, பத்திரிகைக்காரர்களே சொல்லிவிட்டார்கள். ஃபீனிக்ஸிலிருந்து வந்த செய்தி நறுக்கு இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. ‘கர்வேனியா நாட்டு இளவரசர் நம் ஊரில் மாறுவேடத்தில்!’ நீ ரயிலேறும் முன் ஸ்டூடியோ விளம்பர அதிகாரி ஸ்வோப் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த வரிகள்தான். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. கட்டிக்கொள்ளப்போகிறவனைப் பற்றிய பொய்களைத் தட்டச்சு செய்து சம்பளம் வாங்குகிற ஒரே பெண் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

படத்தில் நீ வருவதோ கடைசிக் காட்சியில், மூன்று நிமிடம். ஹோட்டல் பரிசாரகன் ஒருவனை எல்லாரும் இளவரசன் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். பூக்காரப் பெண் அவனைக் காதலிக்கிறாள். முடிவில் உண்மையான இளவரசன் வந்து வாயசைத்து இருவரையும் வாழ்த்துகிறான். அந்த மூன்று நிமிட உடுப்போடு நீ சாப்பிட உட்கார்ந்திருந்ததை ஸ்வோப் பார்த்தாரே, அங்கேதான் நமக்குச் சனி பிடித்தது.

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். அன்றைக்கே அவரிடம் கேட்டேன்: “இளவரசர் மாறுவேடத்துல வர்றார்னா, ஒரு பொய்ப்பேர் வைக்கலாமே? ஓரின் டாக்கெட்ங்கிற நெசப் பேரையே ஏன் வைக்கறீங்க?”

“பொய்ப்பேர் வெச்சா உன் ஆளு மறந்து தொலைப்பான், அடீலா. சொந்தப் பேருன்னா கூப்பிட்டதும் திரும்புவான் பாரு” என்றார். அவரே சிரித்தும் கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் இருபதாம் தேதிக்குப் பாதிரியாரிடம் சொல்லியாகிவிட்டது. நான் குடியிருக்கும் வீட்டுக்கார க்விம்பியம்மா கேக்குக்கு உலர்பழம் ஊறப்போட்டிருக்கிறாள். ஜூன் பத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னாய். உன் கையால் இரண்டு வரி எழுது.

உன்னுடைய
அடீலா

*

ஆல்புகர்க்கி
மே 15

என் கண்ணே அடீலா,

எழுத நேரமில்லை என்று சொன்னால் நம்ப மாட்டாய். ஆனால் இளவரசனாக இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. காலையில் முகச்சவரத்துக்குப் போனேன். கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்றார்.

“வாங்கிக்குங்கய்யா. என் பேரு ஓரின் டாக்கெட். மிசூரியில எங்கப்பாவும் உங்களை மாதிரி கடைதான் வெச்சிருக்கார்” என்றேன்.

அவர் ஒரு கண்ணை மூடித் திறந்தார். “புரியுதுங்க, இளவரசே. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

சத்தியமாக உண்மையைத்தான் சொன்னேன், அடீலா! எவ்வளவுக்கெவ்வளவு நான் ஓரின் என்கிறேனோ, அவ்வளவுக்கவ்வளவு குனிந்து வணங்குகிறார்கள். நேற்று விருந்தில் மேயரின் மனைவி என் கையை விடவே இல்லை. “எங்க ஊர்ச் சாப்பாடு உங்களுக்குக் காரமா இருக்குமே” என்று வருத்தப்பட்டாள். சுண்டவைத்த பச்சைமிளகாயை நான் மூன்று தட்டு காலி செய்ததும், கர்வேனியாவிலும் மிளகாய் விளைகிறது என்று பத்திரிகையில் போட்டுவிட்டார்கள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அரங்கம் நிரம்பி வழிகிறது. திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வருட ஒப்பந்தமும் கதாநாயகன் வேடமும் என்று ஸ்வோப் வாக்குக் கொடுத்திருக்கிறார். “தம்பி, நீ நடந்து வந்தாலே ஜனங்க எழுந்து நிக்கறாங்க. உனக்குப் போய் மூணு நிமிஷம் குடுத்தானே அந்த டைரக்டர் மடையன்” என்கிறார். இத்தனை நாள் கூட்டத்தில் ஒருவனாக நின்றவன் நான். எழுந்து நிற்கிறார்கள், அடீலா. அது எப்படி இருக்கும் தெரியுமா?

பொறுத்துக்கொள். எல்லாம் நமக்காகத்தான்.

உன்
ஓரின்

*

லாஸ் ஏஞ்சலிஸ்
மே 27

அன்புள்ள ஓரின்,

நமக்காக என்று எழுதியிருந்தாய். அந்த ‘நாம்’ யார் யார் என்று இன்று வந்த தந்தியைப் பார்த்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘இளவரசர் அமெரிக்க மணப்பெண் தேடுகிறார். உடனே எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பு. ஸ்வோப்.’

அனுப்பினேன். அனுப்பாவிட்டால் வேலை போய்விடும்.

இப்போது மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. கொலராடோவிலிருந்து ஒருத்தி தன் கூந்தலை வெட்டி அனுப்பியிருக்கிறாள். டெக்ஸஸில் ஒரு விதவை தன் மாடுகளின் படத்தை அனுப்பியிருக்கிறாள், அழகான மாடுகள். இதற்கெல்லாம் இளவரசரின் அந்தரங்கச் செயலாளராகப் பதில் எழுதுவது யார்? நான்தான். ‘தங்கள் அன்பு இளவரசரின் நெஞ்சைத் தொட்டது’ என்று காலையிலிருந்து மாலைவரை தட்டுகிறேன். மாலையில் வீட்டுக்கு வந்து உன் கடிதம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருப்பதில்லை.

தந்தியின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது: ‘கல்யாணம் ஆகஸ்டுக்கு. பையன் சம்மதித்துவிட்டான்.’ நம் கல்யாணம் தள்ளிப்போன செய்தி எனக்கு அலுவலகத் தந்தியில், ஸ்வோப்பின் வாயால் வந்திருக்கிறது, ஓரின். எதிர்மேசைப் பெண் அதைப் படித்துவிட்டு எனக்குக் காப்பி வாங்கி வந்தாள். அந்தக் காப்பியைவிட அவமானமான காப்பியை நான் குடித்ததில்லை.

பாதிரியாரிடம் போய் என்ன சொல்ல? மாப்பிள்ளை வேறு பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றா?

எனக்கு ஒரு நேரான பதில் வேண்டும். வேடிக்கைக் கதை வேண்டாம்.

அடீலா

*

டென்வர் போகும் வழியில்
ஜூன் 3

கண்ணே,

நீ இப்படிக் கோபித்தால் என்னால் தாங்க முடியாது. தேதியை மாற்றச் சொன்னது நானில்லை. ஸ்வோப் கேட்டபோது சும்மா இருந்தேன், அவ்வளவுதான். சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

எனக்கும் அலுத்துவிட்டது. மதுவிலக்கு என்பதால் திராட்சைச் சாற்றைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, மது என்று நினைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். தூங்கும்போதுதான் மார்பிலிருந்து பதக்கங்களைக் கழற்றுகிறேன். ஜன்னல் வழியே பார்த்தால் ஒரு கடைப்பையன் சீட்டியடித்துக்கொண்டு போகிறான், அவனைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது. ஒன்பதாம் தேதி டென்வரில் படம் வெளியாகிறது. அன்று சாயங்காலம் ரயில் நிலையத்திலிருந்து அரங்கம்வரை ஊர்வலம். நிஜமாகச் சொல்கிறேன், அப்போது நீ மட்டும் என் எதிரில் வந்து நின்றால், தொப்பியையும் வாளையும் அங்கேயே போட்டுவிட்டு உன்னோடு வந்துவிடுவேன்.

முத்தங்களுடன்
உன் ஓரின்

*

ரயிலில்
ஜூன் 10

ஓரின்,

வந்து நின்றேன்.

நீ எழுதியதை அப்படியே நம்பினேன். லீவு கேட்டேன், தரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இரண்டு இரவு உட்கார்ந்தபடியே வந்து, ரயில் நிலையத்து முகம் கழுவும் அறையில் நீல உடைக்கு மாறினேன். உனக்குப் பிடித்த உடை.

இனி நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நீ வேறுமாதிரி நினைவு வைத்துக்கொள்வாய், அதனால்.

பட்டாளத்துக்காரர் உடுப்பில் வாத்தியக்காரர்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பெண்கள், பூவோடு. நீ வெள்ளை உடுப்பில் வந்தாய். அழகாகத்தான் இருந்தாய், அதை ஏன் மறைக்க வேண்டும். நான் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து “ஓரின்!” என்று கத்தினேன்.

கூட்டம் ஆரவாரித்தது. எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி, “பாருங்கடி, மாறுவேஷப் பேரைச் சொல்லியே கூப்பிடறா! பலே கெட்டிக்காரிதான்!” என்றாள்.

நான் உன் கையைப் பிடித்து, “ஓரின், நான்தான். வா, போகலாம்” என்றேன். உன் கை என்னை அடையாளம் கண்டது. விரல் ஒருமுறை இறுகியது. இல்லையென்று சொல்லாதே.

பத்திரிகைக்காரர் ஒருவர் பென்சிலோடு வந்தார். “இளவரசே, இந்தம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்தாய். கர்வேனியா நாட்டுக் கொச்சை என்று நாம் இருவரும் சிரித்துச் சிரித்துப் பழகினோமே, அதே குரலில் சொன்னாய்: “இல்லை. நான்... இந்தப் பெண்ணை... எங்கும் பார்த்தது இல்லை.”

அதோடு விட்டாயா? முத்தமிடுவதற்காகக் கையை நீட்டினாய்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மண்டியிட்டு முத்தமிட்டேன், ஓரின். ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்த ரயில் முழுக்க என்னையே கேட்டுக்கொண்டு வருகிறேன். உன் வேலை போய்விடக் கூடாதே என்று நினைத்தேனோ என்னவோ. கூட்டம் கைதட்டியது. ஒரு கிழவர் என்னைத் தூக்கிவிட்டு, “அழாதேம்மா. கை குடுத்தாரே, அதுவே பெரும் பாக்கியம்” என்றார்.

பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

அடீலா

*

சால்ட் லேக் சிட்டி
ஜூன் 24

என் உயிரான அடீலா,

இந்தக் காகிதத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். சிறைச்சாலைக் காகிதம். கிழித்தெறிந்துவிடாதே, முழுவதும் படி.

இங்கே ஹோட்டலில் இறங்கிய மறுநாள் ஒரு விவசாயக் கருவி வியாபாரி எதிரே வந்தான். எங்கள் ஊர்க்காரன். “அடேய், நாவிதர் டாக்கெட் மவன்தானே நீ? நான் ஒங்கப்பன்கிட்டதான்டா செரைச்சுக்கறேன்!” என்று முதுகில் ஓங்கி அறைந்தான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் விடவில்லை. என் தாத்தா பேர்வரை சொன்னான். மாலைக்குள் ஹோட்டல் முதலாளி போலீஸைக் கூப்பிட்டுவிட்டார், ராஜவம்சம் என்று ஏமாற்றி விருந்தும் அறையும் அனுபவித்தேனாம். மாடிக்குப் போய்ப் பார்த்தால் ஸ்வோப்பின் அறை காலி. ஸ்டூடியோவுக்குத் தந்தி அடித்தார்கள். ‘அப்படி ஒரு ஆளை நாங்கள் அனுப்பவில்லை’ என்று பதில் வந்தது.

நீதிபதியிடம் “என் பெயர் ஓரின் டாக்கெட், ஆரம்பத்திலிருந்து அதைத்தான் சொல்லிவருகிறேன்” என்றேன். “அதுதான்யா உன் குத்தமே” என்றார்.

இந்தத் திட்டம் போட்ட அறையில் ஸ்வோப்பையும் என்னையும் தவிர இருந்தது நீ ஒருத்திதான். நீ வாய் திறந்தால் நான் வெளியே வருவேன். உன் வேலைக்கு ஆபத்து என்று தெரியும். ஆனால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

டென்வரில் நடந்தது நடந்துவிட்டது. நான் என்ன செய்வேன் சொல். ஸ்வோப் பக்கத்திலேயே நின்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் அப்படிச் சொல்லியிருப்பேனா? வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கல்யாணம். நாளைக்கே வேண்டுமானாலும்.

என்றும் உன்
ஓரின்

*

லாஸ் ஏஞ்சலிஸ்
ஜூலை 5

ஓரினுக்கு,

இந்தக் கடிதம் வரும்போது உன்னை விட்டிருப்பார்கள், அல்லது விடப்போகிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே இங்கே ஒரு நீதிபதி முன் சத்தியம் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்: திட்டம் ஸ்வோப்புடையது, ஸ்டூடியோ அறிந்தது, தட்டச்சு செய்தது நான். பிறகு பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் அதையே சொன்னேன். மத்தியானம் என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் கழித்து ஸ்டூடியோ வக்கீல் ஹோட்டல்காரரோடு பேசி வழக்கை வாபஸ் வாங்கவைத்துவிட்டார். இந்த அமளியில் படம் முன்னைவிட நன்றாக ஓடுகிறதாம். ஸ்வோப்புக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள்.

உன் அப்பா எனக்கு எழுதியிருந்தார். பத்திரிகைக்காரர்கள் கடைவாசலில் நிற்கிறார்களாம். “எம் பையன் நல்லவந்தாம்மா, யாராச்சும் கைதட்டுனா போதும், நின்னுருவான்” என்று எழுதியிருக்கிறார். முதலில் அவரிடம் போ. அவருக்கு நீ வேண்டும்.

இனி டென்வர். ஸ்வோப் பக்கத்தில் நின்று கண்ணை உருட்டினார் என்று எழுதியிருக்கிறாய். ஓரின், ஸ்வோப் அங்கே இல்லை. அவர் பிளாட்பாரத்தின் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு, உன் பெட்டிகளுக்காகக் கூலியாளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டித்தான் உன்னிடம் ஓடிவந்தேன். நீ அந்தப் பதிலைச் சொன்னபோது, உன்னைத் தெரிந்தவர்களில் உன் பக்கத்தில் இருந்தவள் நான் மட்டும்தான்.

இதை உன் கடிதத்தில் தேடினேன். நீ ஒப்புக்கொண்டிருந்தால் ஒருவேளை இன்று அங்கே வந்திருப்பேன். அது இல்லை. இருந்தது கல்யாணம்தான்.

பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். க்விம்பியம்மா கேக்கைச் செய்தே தீர்ந்தாள், பழம் வீணாகிவிடுமாம். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. திங்கட்கிழமை முதல் பசடீனாவில் ஓர் ஆரஞ்சுத் தோட்ட அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே யாரும் யாராகவும் நடிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

பத்திரிகை அலுவலகத்தில் நான் எழுந்திருக்கும்போது, எழுதிக்கொண்டிருந்த நிருபர், “கடைசியா ஒண்ணு. நீங்க அவருக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டார்.

“அவரைக் கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தவ” என்றேன்.

“இருந்தவளா, இருக்கறவளா? சரியாச் சொல்லுங்க, அச்சுல போகுது.”

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார், நல்ல மனிதர்.

“இருந்தவ” என்றேன்.

செய்தி வந்துவிட்டது. நீயும் பார்த்திருப்பாய். என் பெயரைத் தப்பாக, அடெலெய்ட் ப்ராட் என்று அச்சடித்திருக்கிறார்கள். யாரோ வேறு பெண் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படிச் சொன்னது நான்தான்.

அடீலா ப்ரூயிட்