மூன்றுக்கு இரண்டு

என்னங்க,

இருபது வருஷமாக இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்பதற்காகப் பெயரை எழுதக் கை வரவில்லை.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. பியானோ பரீட்சைக்குப் போய் வந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பரீட்சைக்கு வைத்திருந்த அந்தப் பழைய ஐரோப்பியப் பாடம் நினைவிருக்கிறதா? இரண்டாம் பக்கத்தில், வலது கை மூன்று தட்டும் நேரத்தில் இடது கை இரண்டு தட்ட வேண்டும். எனக்கோ ஒரு கை இன்னொன்றின் பின்னாலேயே ஓடும். நீங்கள் இசை படித்தவரல்ல, பம்மல் பட்டறையில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டியவர். என் அப்பா விட்டுப்போன அந்தப் பழைய பியானோவின் மரத்தில் விரலால் தட்டிக் காட்டினீர்கள்.

“எங்க பட்டறைல ரெண்டு மெஷின் பக்கத்துல பக்கத்துல ஓடுது எஸ்தர். ஒண்ணு மூணு தபா அடிக்கசொல்ல இன்னொண்ணு ரெண்டு தபா அடிக்கும். ரெண்டும் சேர்ற எடத்த மட்டும் கேளு.”

அந்த இடம் என் காதில் விழத் தொடங்கிய வாரத்தில்தான் உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினேழே நாள். அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் பியானோவைத் திறந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து உங்கள் அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

“தம்பி போயி ஒரு மாசம் ஆவல. இன்னாம்மா வாசிச்சிக்கினு கீற? தெருவுல இன்னா சொல்லுவாங்க? ஒரு வருசம் மூடி வையி.”

“மூட மாட்டேன் மாமா. அழுதுகிட்டேதான் வாசிக்கிறேன். கேட்கக் கஷ்டமா இருந்தா உங்க வீட்டு ஜன்னலைச் சாத்திக்கோங்க.”

அவரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு சர்ச்சில் அவர் வீட்டார் யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. போகட்டும்.

பரீட்சையன்று, நீங்கள் வாங்கித் தந்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு பல்லாவரத்தில் தனியாக ரயிலேறினேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் மெதுவாக நடந்தேன்.

இரண்டாம் பக்கத்தில் தடுமாறி நின்றுவிட்டேன். “போதும், அடுத்ததுக்குப் போகலாம்” என்றார் தேர்வாளர். நான் போகவில்லை. அந்த வரியை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். இந்தத் தடவை மூன்றும் இரண்டும் தம் பாட்டுக்கு நடந்து, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தன. கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கையை எடுத்தேன். அவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

நேற்று தபால் வந்தது. தேறிவிட்டேன், மயிரிழையில். இந்த நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதே என்பது மட்டும்தான் குறை.

இன்று மத்தியானம் உங்கள் அண்ணி பின்கதவு வழியாக வந்தார். குரலைத் தாழ்த்தி, “எனக்கும் கத்துக் குடுப்பியா எஸ்தரு? அவருக்குத் தெரிய வாணாம்” என்றார்.

“கத்துத் தரேன் அக்கா. ஆனா முன்வாசல் வழியா வாங்க” என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அழுகை வரும்போது அழுவேன். ஆனால் நான் எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று இனி எவரும் சொல்ல விடமாட்டேன். அடுத்த பரீட்சைக்கும் பெயர் கொடுக்கப் போகிறேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உங்கள் மனைவி,
எஸ்தர்